கிராஃபை விட டேபிள் மேல்

ஒரகடம் பக்கம் அறை எடுத்துத் தங்கி, ஆலை ஷிஃப்டுக்கும் போய்க்கொண்டு மேத்ஸ் அரியரும் எழுதும் பையன்களோடு சேர்ந்து, சில வாரங்களாக காசியோ எஃப்எக்ஸ்-991 சிடபிள்யூ கால்குலேட்டரைப் புழங்கிப் பார்த்தேன். 4×4 மேட்ரிக்ஸ், நாற்படிச் சமன்பாடு எல்லாம் தெரிந்த கதை. பேச வேண்டியது கிராஃப் பற்றித்தான்.

1985-இல் எஃப்எக்ஸ்-7000ஜி மூலம் கிராஃபிக் கால்குலேட்டரை உலகுக்கு அறிமுகம் செய்ததே காசியோதான். அமெரிக்கப் பள்ளிகளில் அது சகஜம். இங்கே அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் புரோகிராம் செய்யக்கூடிய கால்குலேட்டருக்கு அனுமதியில்லை. கிராஃபிக் மாடல்கள் பெரும்பாலும் அந்த ரகம். ஜேஇஇ-யில் கால்குலேட்டரே கிடையாது. தானே கிராஃப் வரையாத 991 சிடபிள்யூ சுற்றுவழியில் போகிறது: திரையில் கியூஆர் கோடு காட்டும், போனில் ஸ்கேன் செய்தால் அங்கே கிராஃப் வரும்.

வந்தால் அருமைதான். எக்ஸ்³ − 3எக்ஸ் + 1 = 0 என்ற நியூட்டன்-ராப்சன் கணக்கை 2-இல் தொடங்கினால், நாலே சுற்றில் 1.5321 கிடைக்கும். 1-இல் தொடங்கினால் 'மேத் எரர்'. ஏன் என்று கால்குலேட்டர் சொல்லாது. கிராஃபைப் பார்த்தால் சட்டென்று புரியும்: 1-இல் வளைவு திரும்புகிறது, அங்கே சாய்வு பூஜ்ஜியம்; இந்த முறையில் சாய்வால் வகுக்க வேண்டும், பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது.

ஆனால் அதற்கு போன் வேண்டுமே! தேர்வு அறையில் போன் கூடாது. பல ஆலைகளில் கேமரா போனை உள்ளே விடுவதில்லை. அறைக்குத் திரும்பி போனை எடுத்துவிட்டால் இலவச ஜியோஜீப்ராவே போதும்; கியூஆர் எதற்கு?

உண்மையில் கைகொடுப்பது டேபிள் வசதிதான். அதே சமன்பாட்டின் இடப்பக்கத்தை, எக்ஸுக்கு −2 முதல் 2 வரை ஒவ்வொன்றாகக் கொடுத்து ஓட்டினால் −1, 3, 1, −1, 3 என்று வரிசையாக வரும். குறி மூன்று முறை மாறுகிறது. ஆக மூன்று மூலங்கள். ஐந்து புள்ளிகளையும் கிராஃப் தாளில் வைத்து இணைத்தால் வளைவு தயார்.

இன்னொரு எரிச்சல்: பின்னத்தைத் தசமமாக்கும் பழைய எஸ்-டி பட்டனைத் தூக்கிவிட்டார்கள். இப்போது ஷிஃப்ட் பட்டனை அழுத்தி வேறொரு பட்டனை அழுத்த வேண்டும், இல்லையென்றால் மெனுவுக்குள் போக வேண்டும். சேர்மானக் கணக்குக்கான என்சிஆர் கூட கேட்டலாக் மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. தேர்வு நேரத்தில் தேவையா இது?

கையில் பழைய மாடலான 991 இஎஸ் பிளஸ் இருந்தால் மாற்றாதீர்கள். அதிலேயே டேபிள் உண்டு. டேபிள் இல்லாத, அதைவிடப் பழைய 991 எம்எஸ் வைத்திருப்பவர்கள் இஎஸ் பிளஸுக்கு மாறலாம். கியூஆருக்காக மட்டும் சிடபிள்யூ வாங்க வேண்டாம்.