காட்சிப் பொருளா மனிதன்?

மங்கிய ஒளி. வாய் திறக்கலாகாது என்ற கட்டளை. பார்வையாளர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே செல்கின்றனர். மேடைக்கு மேடை மனிதர்கள். அத்தனை பேரும் கருப்பு மனிதர்கள். கழுத்தில் சங்கிலியோடு ஒரு பெண்! விமான இருக்கையில், வாய் ஒட்டப்பட்ட நிலையில் ஓர் அகதி! சிலைகளோ என ஐயுற்று நெருங்கினால், கண்கள் அசைகின்றன. நம்மையே உற்று நோக்குகின்றன. சிலைகளல்ல தோழர்களே, மூச்சு விடும் மனிதர்கள்!

'எக்சிபிட் பி' என்பது இக்காட்சியின் பெயர். அமைத்தவர் தென்னாப்பிரிக்க வெள்ளையரான பிரெட் பெய்லி. ஆப்பிரிக்க மக்களை விலங்குகள்போல் கூண்டிலும் கொட்டகையிலும் நிறுத்தி ஐரோப்பா வேடிக்கை பார்த்த கொடுமையை அம்பலப்படுத்தவே இதனைப் படைத்ததாக அவர் கூறினார். 2014 செப்டம்பரில் இலண்டனின் பார்பிகன் கலை மன்றம் இதனை நடத்த முன்வந்தது. சாரா மையர்ஸ் என்னும் கருப்பினப் பெண்மணி எதிர்த்துக் குரல் கொடுத்தார். 20,000-க்கும் மேற்பட்டோர் அவரது விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். செப்டம்பர் 23 அன்று, தொடக்க நாள் மாலையில், மக்கள் வாயிலில் திரண்டனர், காட்சி கைவிடப்பட்டது.

உடனே எழுந்தது கூக்குரல். கலைக்குத் தடையா? கருத்துக்கு விலங்கா? இனவெறியைக் கண்டிக்கும் கலைஞனையா இனவெறியன் என்பது?

பெய்லியின் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் நோக்கம் வேறு, ஆக்கம் வேறு. கண்டவர் பலர் கண்ணீர் விட்டனர் என்பதும் உண்மையே. எனினும் அக்காட்சியில் வதைபட்டவன் இருக்கிறான், வதைத்தவன் எங்கே? சங்கிலி இருக்கிறது, அதைப் பூட்டிய கை எங்கே? கொள்ளையடித்தவன் படத்தில் இல்லை. கொள்ளை போனவன் மட்டும் மீண்டும் ஒருமுறை, வாய்மூடி, மேடையில்! பழைய கண்காட்சியைப் பழிக்க வந்த கலை, பழைய கண்காட்சியின் விதியையே கைக்கொண்டது. பார்ப்பவன் நடப்பான், பார்க்கப்படுபவன் நிற்பான்.

"நடிகர்கள் விரும்பித்தானே நின்றார்கள்?" என்பர். ஆம், அந்நடிகர்களே காட்சிக்காக வாதாடினர். அவர்தம் உரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்த வாதம் இலண்டனுக்குப் புதிதன்று. 1810-இல் சாரா பார்ட்மன் என்னும் ஆப்பிரிக்கப் பெண்ணை அந்நகரிலே காட்சிக்கு வைத்தனர். அடிமை ஒழிப்பாளர்கள் வழக்காடினர். அவள் விரும்பியே நிற்கிறாள் என்ற பேச்சில் வழக்குத் தோற்றது. 1815-இல் பாரிசில் அவள் மாண்டாள். மாண்ட பின்னும் விட்டார்களா? அவள் எலும்புக் கூட்டை 20-ஆம் நூற்றாண்டிலும் அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்தனர்! தாய்மண் அவளைத் தழுவியது 2002-இல்தான். இவ்வளவும் நெஞ்சில் சுமக்கும் ஓர் இனம், "எங்களைக் கேட்டீர்களா?" என்று வினவினால் அது குற்றமா?

எங்கோ இலண்டனில் நடந்தது நமக்கேன் என்று எண்ணாதீர்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், நம் பாட்டன்மாரின் மூக்கையும் மண்டையையும் அளவுகோல் கொண்டு அளந்து குறித்தார். 1909-இல் ஏழு தொகுதிகளாகச் சாதிகளையும் குடிகளையும் பற்றி நூல் வெளியிட்டார். அளந்தவர் பெயர் அட்டையில் நிலைத்தது. அளக்கப்பட்டவர்?

ஏன், நம் சிவகாசியையே பாருங்கள். தீக்குச்சி அடுக்கிய பிஞ்சு விரல்களின் படங்கள் உலகெங்கும் சென்றன. அவை கொடுமையைக் காட்டின, கண்ணைத் திறந்தன, நன்றே. அத்தகைய படமொன்றை, ஆலையில் சரம் பின்னி முதுமையுற்ற ஒரு மூதாட்டியிடம் நாம் காட்டினோம். நெடுநேரம் நோக்கிவிட்டு அவர் கேட்டது இதுதான்: "ஏன் சார், இது யாரு வீட்டுப் பிள்ளை? பேரு போடலையே!" கல்லூரியில் கலை பயின்ற நமக்குத் தோன்றாத கேள்வி அது! பெயரற்ற துயரம் பார்ப்பவனுக்குப் பண்டம். பெயருள்ள துயரம் அவனுக்குப் பொறுப்பு.

தடை என்னும் சொல்லின் கசப்பை நாம் அறிவோம். பெரியாரின் இராமாயண ஆராய்ச்சி நூலின் இந்திப் பதிப்பை உத்தரப் பிரதேச அரசு 1969-இல் பறிமுதல் செய்தது. 1976-இல் உச்சநீதிமன்றம் வரை சென்றுதான் அந்நூல் வென்றது. ஆகவே அரசின் வாள் கலையின் கழுத்தில் விழுவதை நாம் ஒருநாளும் வரவேற்கோம். சாரா மையர்ஸ் வாளை ஏந்தவில்லை. எழுதுகோலை ஏந்தினார், மக்களைத் திரட்டினார். அது தடையன்று, திறனாய்வு! காணாமலே கண்டித்தார்கள் என்பது எதிர்த்தோர்மீது சொல்லப்பட்ட குறை. அன்று வாயில் மறிக்கப்பட்டதும் நமக்கு உவப்பானதன்று. உள்ளே சென்று கண்டு, வெளியே வந்து வாதாடியிருந்தால் வெற்றி இன்னும் ஒளி பெற்றிருக்கும். முறையில் குறை உண்டு, கேள்வியில் இல்லை.

இளைஞர்களே! ஏழையின் துயரை எழுதுங்கள், வரையுங்கள், மேடையேற்றுங்கள். ஆனால் அதற்கு முன் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர் பெயரைக் கேளுங்கள். அவர் சொல்ல விரும்புவதைக் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், அதையும் கேளுங்கள்!