கேஸ் வண்டிக்குப் போட்டி களியக்காவிளை பெட்ரோல்

தமிழ்நாட்டு எல்லையோரம் கேரளத்தில் இருக்கும் ஆரியங்கோட்டிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை எடுத்தாலும் கொஞ்ச தூரத்தில் ஓர் ஏற்றம் வந்துவிடும். இரு பக்கமும் ரப்பர் மரங்கள். எதிரே ஜீப் வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டிய சாலை. எல்பிஜிக்கு மாற்றிய காரின் வலுவைப் பார்க்க இதைவிடக் கறாரான இடம் வேண்டாம். நான் ஓட்டியது அத்தானின் பழைய வாகன்ஆர். ஒரு லிட்டர் எஞ்சின், அதில் ஓர் இத்தாலிய சீக்வென்ஷியல் கிட்.

சாவியைத் திருப்பினால் வண்டி பெட்ரோலில்தான் உயிர் பெறும். டேங்கிலிருந்து திரவமாக வரும் கேஸை ஆவியாக்குவது போனட்டுக்குள் இருக்கும் ரெட்யூசர். அதற்கு எஞ்சினின் கூலன்ட் சூடாகி வர வேண்டும். 40 டிகிரி வாக்கில் பெட்ரோல் இன்ஜெக்டர்கள் ஓய்ந்து, கேஸ் இன்ஜெக்டர்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்விட்சில் விளக்கு நிறம் மாறுவதைக் கவனிக்காவிட்டால், மாறியதே தெரியாது. காதைக் கொடுத்துக் கேட்டால் போனட்டுக்குள் தையல் மிஷின் ஓடுவது போல மெல்லிய டிக்டிக் சத்தம்.

சமதளத்தில் வித்தியாசமில்லை. ஏற்றத்தில் ஏசியும் போட்டு, பின்சீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தால் கதை வேறு. ஆவியாக உள்ளே போகும் கேஸ் காற்றின் இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வதால் இழுவை குறைகிறது. ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தப் போனேன். “மக்கா, மூணாவதுல வலிக்காது, ரெண்டுக்கு வா” என்றார் அத்தான். இரண்டாவது கியருக்கு வந்ததும் வண்டி முனகாமல் ஏறியது. பழைய மிக்சர் வகைக் கிட்டுகளில் இந்த இழப்பு இன்னும் அதிகம். ஏர் ஃபில்டர் பக்கம் ‘டப்’பென்று பேக்ஃபயர் ஆகும் பயமும் உண்டு. இப்போது கிட் போடுகிறவர்கள் சீக்வென்ஷியலைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

டிக்கியைத் திறந்தால் ஒரு நெருடல். ஸ்டெப்னி இருந்த குழியில் இப்போது வளைய வடிவ டேங்க் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டெப்னி மேலே வந்து, பாதி டிக்கியைத் தின்றுவிட்டது. டேங்கின் கொள்ளளவு 34 லிட்டர், ஆனால் 27-க்கு மேல் ஏறாது. சூட்டில் திரவம் விரிய இடம் வேண்டும் என்பதால் 80 சதவீதத்தில் உள்ளிருக்கும் மிதவை வால்வு அடைத்துவிடுகிறது. பங்கில் பையன் நாசிலைக் கழற்றும்போது ‘புஸ்’ என்று ஒரு மூச்சு கேஸ் வெளியேறி நாறும். அது வழக்கமானதுதான். ஸ்விட்சில் இருக்கும் நான்கு பச்சை விளக்குகளை மட்டும் நம்பக்கூடாது. மூன்று எரிந்துகொண்டிருக்கும்போதே ஒன்றுக்கு இறங்கிவிடும். அத்தான் ட்ரிப் மீட்டரைப் பார்த்துத்தான் கேஸ் போடுகிறார்.

இனி காசு. ஒரு லிட்டர் எல்பிஜியில் பெட்ரோலைவிட எரிசக்தி குறைவு. அதனால் மைலேஜும் ஐந்தில் ஒரு பங்குபோலக் குறையும். பெட்ரோலில் 16 கிலோமீட்டர் தரும் வண்டி கேஸில் 13 தரும் என்று வையுங்கள். பெட்ரோல் 100 ரூபாய், கேஸ் 65 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 6.25 ரூபாய் செலவு 5 ரூபாயாகிறது. மிச்சம் 1.25. கிட்டுக்கு 40,000 ரூபாய் போட்டவருக்கு முதல் திரும்ப 32,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். கேஸ் விலை பெட்ரோலில் முக்கால்வாசியைத் தாண்டினால் இந்தக் கணக்கையே மடித்து வைத்துவிடலாம்.

எல்லையோரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரளம் 2023 ஏப்ரலில் 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டது. கேரளத்துப் பாறசாலைக்காரர்கள் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது இதனால்தான். வண்டிக்கான எல்பிஜியோ ஜிஎஸ்டிக்குள் இருக்கிறது. எல்லைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் அதே 18 சதவீதம். ஆக, இந்த ஊர்களில் கேஸுக்கு உண்மையான போட்டி கேரள பெட்ரோல் அல்ல, களியக்காவிளை பெட்ரோல். இரண்டு பெட்ரோலுக்கும் 5 ரூபாய் வித்தியாசம் என்றால், கிலோமீட்டருக்கு 30 பைசா எல்லை தாண்டியே மிச்சமாகிறது, கிட்டே போடாமல்.

அடுத்தது பங்க். திருவனந்தபுரத்தில் ஆட்டோக்காரர்கள் வரிசையில் நின்று கேஸ் போடுவதைப் பார்க்கலாம். ரப்பர் தோட்டத்து ஊர்களில் அந்த வசதி இல்லை. 27 லிட்டரில் 350 கிலோமீட்டர் ஓடலாம். மிச்சம் 437 ரூபாய். பங்குக்கென்றே போக 10, வர 10 கிலோமீட்டர் என்றால் 100 ரூபாய் அதிலேயே போய்விடும். அத்தானுக்கு வேலை திருவனந்தபுரத்தில், பங்க் போகிற வழியில். அவருக்குச் சரிப்பட்டது. வெள்ளறடை சந்தைக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் காரை எடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது வேண்டாமென்றே சொன்னேன்.

பராமரிப்பில் பெரிய தொல்லை இல்லை. ரெட்யூசரின் அடியில் இருக்கும் சிறு திருகைக் கழற்றினால் தார் மாதிரி கறுப்பாக, மூக்கைத் துளைக்கும் எண்ணெய்க் கசடு சொட்டும். சர்வீசில் அதை வடித்துவிட்டு, கேஸ் ஃபில்டரையும் மாற்றினால் இன்ஜெக்டர் அடைக்காது. பெட்ரோல் டேங்கை மட்டும் காய விடக்கூடாது. பம்ப் அந்தப் பெட்ரோலில் மூழ்கித்தான் குளிர்கிறது.

கார்களில் எல்பிஜியைச் சட்டம் அனுமதித்தது 2000-ல். மாருதி 2006-ல் வாகன்ஆர் டுயோவைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்றது. பிஎஸ்-6 பெட்ரோல் கார்களிலும் கிட் போடலாம் என்று மத்திய அரசு அறிவித்தது 2022 ஆகஸ்டில். ஆனால் உங்கள் மாடலுக்கு ஒப்புதல் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும். ஆர்சியிலும் எரிபொருள் மாற்றம் ஏற வேண்டும். இங்கே கேஎல் 19, கேஎல் 20, டிஎன் 75 வண்டிகள் ஒரே சாலையில் ஓடுகின்றன. மார்த்தாண்டத்தில் மலிவு என்று எல்லை தாண்டி அங்கே போய்ப் பொருத்துகிறவர், ஆர்சியில் எழுத வேண்டியது தன் ஊர் ஆர்டிஓ என்பதை மறக்கக்கூடாது. அந்தப் பட்டறையின் சான்றிதழை அவர்கள் ஏற்பார்களா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இன்சூரன்சிலும் சேர்க்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டேங்கை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

வீட்டு சிலிண்டரிலிருந்து பம்ப் வைத்து ஏற்றித் தருகிறவர்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். அதைவிட, அந்தக் கைவேலையில் கேஸ் கசியலாம். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு படிந்து தீப்பொறிக்குக் காத்திருக்கும்.

இன்று ஷோரூமில் கேஸ் வண்டி என்று கேட்டால் பெரும்பாலும் சிஎன்ஜியைத்தான் காட்டுவார்கள். 200 பார் அழுத்தம், கனத்த சிலிண்டர், ஆனால் கம்பெனி வாரன்டியோடு வரும். புது வண்டி வாங்குகிறவர் அதையே பார்க்கட்டும். கையில் நல்ல எஞ்சினோடு ஒரு பழைய பெட்ரோல் கார், தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம், வழியில் ஒரு கேஸ் பங்க், இந்த மூன்றும் உள்ளவர் எல்பிஜி போடலாம். இரண்டு வருடம் தாண்டியதும் முதல் வந்துவிடும்.