உப்பை நிறுத்துப் போடுகிறவர்கள்

கடல் மீன்களை வீட்டில் வைத்து வளர்க்கும் கலையைப் பற்றி, கடலைக் கண்ணால் காண்பதற்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்யவேண்டிய சேர்வராயன் மலைவாசி ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். என் அண்ணன் மகளைக் கொடுத்த வகையில் எங்களுக்குச் சம்பந்தியான கொழும்பு வெள்ளவத்தைப் பெரியவருக்கு அது விநோதமாகத் தோன்றியது மாத்திரமன்று, பரிகாசத்துக்கு உரியதாகவும் தோன்றியது. கோடை விழாச் சமயத்தில் ஏற்காட்டுக்கு வந்திருந்த அவர், நான் ஒரு நீலப் பீப்பாயின் அருகில் தராசை வைத்துக்கொண்டு செயற்கைக் கடலுப்பை நிறுத்துக் கொட்டுவதைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "உப்பை நிறுத்து நிறுத்துக் கடல் செய்யிறியளோ? எங்கட பக்கம் ரெண்டு கானைக் கொண்டுபோய் அள்ளிக்கொண்டு வந்தால் அலுவல் முடிஞ்சுது. மலையிலை இருக்கிற ஆக்களுக்கு இது தேவையில்லாத வேலை" என்று சொல்லிச் சிரித்தார். சம்பந்தியோடு வாதம் செய்வது நம் வழக்கமன்று ஆதலால், அவருக்கு நம் தோட்டத்துக் காப்பியைக் கொடுத்து உபசரித்ததோடு அப்போது நிறுத்திக்கொண்டேன். ஆனால் இந்தியா, இலங்கை ஆகிய இரண்டு தேசங்களிலும் இந்தக் கலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சீர்தூக்கிப் பார்க்காமல் அந்தச் சிரிப்பை அப்படியே ஒப்புக்கொள்வதும் நியாயமாகாது.

முதலில் அவர்கள் பக்கத்துப் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். நாற்புறமும் கடல் சூழ்ந்த அந்தத் தீவில், கடல் மீனை உயிரோடு பிடித்து, உயிரோடு பேணி, தூர தேசங்களுக்கு விமானத்தில் அனுப்பும் தொழில் இரண்டு தலைமுறைகளுக்கு மேலாக நடந்துவருகிறது. தெஹிவளை மிருகக்காட்சிச் சாலையில் உத்தியோகம் பார்த்தவரும், கடலடியில் மூழ்கி நீந்துவதில் நிகரற்றவருமான ரொட்னி ஜோன்க்ளாஸ் அந்தத் தொழிலுக்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர். வெப்பமண்டலக் கடல் மீன்களைப் பிடிக்கும் முறையைப் பற்றி 1975-இல் ஒரு நூலே எழுதியவர். 1956-இல் இலங்கையில் குடியேறிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கை அங்கே இழுத்துச் சென்றதும் அந்தக் கடலடிக் காட்சிகளின் மோகம்தான். தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரை கலங்கும் மாதங்களில் மீன் பிடிப்போர் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் பெயர்ந்துவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவம் தொடங்கிக் கீழைக் கடல் கொந்தளிக்கும்போது மேற்கிலும் தெற்கிலும் நீர் தெளிந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு கரையில் தெளிந்த நீர் கிடைக்கும் இந்த பாக்கியம் எல்லா தேசங்களுக்கும் வாய்ப்பதன்று.

நீர்கொழும்பில் ஏற்றுமதிக்காக மீன் வைத்திருக்கும் கூடம் ஒன்றை எங்கள் மாப்பிள்ளை எனக்குக் காட்டினார். ஒன்றையொன்று கடித்துக் குதறக்கூடிய மீன்களாதலால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிறு பெட்டி. பையில் அடைப்பதற்கு முன் ஓரிரு நாள் பட்டினி, இல்லாவிட்டால் வழியில் அவற்றின் கழிவே அவற்றுக்கு விஷமாகிவிடும். இரத்தச் சிவப்பான உடலும், தூய வெள்ளைக் கால்களும், முதுகோட்டில் வெள்ளைப் புள்ளிகளும் கொண்ட ஒருவகை இறாலை அங்கே கண்டேன். ஒவ்வொரு குவளையிலும் ஒன்றாக, மீசையை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றது. உலகத்தின் பெரிய நகரங்களில் செல்வந்தர் வீட்டுத் தொட்டிகளை அலங்கரிக்கும் அந்தச் சிவப்பு இறாலுக்கு இலங்கைக் கடல் பெயர்போனது. அந்தக் கூடத்துப் பணியாளர்களின் கைப்பக்குவத்தை நான் குறை சொல்லத் துணியமாட்டேன். ஆயினும் அது வாணிபத் திறமை; மீன் அவர்களிடம் சில நாட்கள் தங்கிச் செல்லும் வழிப்போக்கன். ஒரு மீனைப் பல ஆண்டுகள் வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது வேறு வித்தை.

அந்த வித்தையை வெள்ளவத்தையில் எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் பார்த்தேன். நான் பார்த்தவை ஒருசில வீடுகளே என்று யாரேனும் ஆட்சேபிக்கலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. நாம் தொட்டி என்பதை அவர்கள் 'தாங்கி' என்கிறார்கள். நாம் பவளப்பாறை என்பது அவர்களுக்கு 'முருகைக்கல்'. நமது பட்டாம்பூச்சி மீன் அங்கே 'வண்ணத்துப்பூச்சி மீன்'. நாம் காயல் என்றும் உப்பங்கழி என்றும் சொல்வது அங்கே 'களப்பு'. இச்சொற்களைக் கேட்கக் கேட்க எனக்கு ஆனந்தமாக இருந்தது. தாங்கி என்ற சொல் மட்டும் எத்தனை பொருத்தமானது! ஒரு டன் நீரைத் தாங்குவதல்லவா அதன் முதல் கடமை? ஆனால் அந்தத் தாங்கியின் எடையை யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை; நீரின் அடர்த்தியை அளக்கும் கருவி ஓர் அலமாரியில் உறையோடு கிடந்தது. கடலிலிருந்து வந்த நீர் கடல்நீராகத்தானே இருக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பெருமழை பெய்த மறுநாள், வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே அள்ளிய நீரில் உப்பு எவ்வளவு, ஊர்க்கழிவு எவ்வளவு என்பதைக் கடல் எழுதிக் கொடுப்பதில்லை. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் நீர். உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. குறைந்த அளவை மீண்டும் கடல்நீரால் நிரப்பினால் உப்பு நாளுக்கு நாள் ஏறும், மீன் காரணம் தெரியாமல் சோரும்.

எனினும் 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அத்தீவு பட்ட துயரத்தை மறந்து பேசுவது பாவம். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமலிருந்த அந்நாட்களில், பரிசோதனை மருந்தும் கிடைக்காமல், உதிரிப்பாகமும் கிடைக்காமல், மாப்பிள்ளை தம் தாங்கியை மின்கல மோட்டாராலும், நாள்தோறும் கடற்கரையிலிருந்து சுமந்துவந்த புதுநீராலும் காப்பாற்றினார். அந்தச் சமயத்தில் கடல் அருகிலிருந்தது பெரிய உபகாரந்தான். நமக்கு அப்படியொரு ஆபத்து நேர்ந்திருந்தால் ஏற்காட்டு ஏரி கைகொடுத்திராது.

இனி நம்மவர் வழியைச் சொல்கிறேன். இந்தியாவிலும் இக்கலை நேற்று முளைத்ததன்று. சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே மீன் காட்சிசாலை திறக்கப்பட்டு, இரண்டாம் உலக யுத்த காலத்தில் மூடப்பட்டது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்க்கும் முறைகளை வகுத்திருக்கிறார்கள். சென்னைக் கொளத்தூர் அலங்கார மீன் வியாபாரத்துக்குப் பெயர்பெற்ற இடம். அங்கிருந்து பிராணவாயு நிரப்பிய பைகளில், தெர்மாகோல் பெட்டிக்குள், இரவு வண்டியில் சேலத்துக்கு வந்து, விடியற்காலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மீன் நம் வாசலுக்கு வந்துசேரும்போது, அதன் பொருட்டு நாம் கொண்டிருக்கவேண்டிய பொறுப்பு தானாகவே மனத்தில் ஏறிவிடுகிறது. கடல் பக்கத்தில் இருக்கிறவனுக்கு இந்தப் பயபக்தி இத்தனை எளிதில் வாய்க்காது.

பெரிய தொட்டி வைக்க விரும்புகிறவன் எங்கள் மலையில் முதலில் செய்யவேண்டியது கணக்கு. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்று கொண்டால் ஏறத்தாழ 1,060 லிட்டர் நீர் பிடிக்கும். கண்ணாடியும் கல்லும் மணலும் சேர்ந்தால் ஒன்றரை டன்னை நெருங்கும். பழைய பங்களாக்களின் மாடி மரத்தளத்தில் அதை வைப்பது மூடத்தனம். தரைத்தளத்தில், சுவரோரம் வைப்பதே உத்தமம். உப்புநீர் பட்டால் இரும்பு துருப்பிடித்து இற்றுவிடும் ஆதலால், சேலத்தில் தாராளமாகக் கிடைக்கும் கருங்கல் பலகைகளைக் கொண்டு பீடம் கட்டிக்கொள்கிறோம். வெள்ளவத்தையில் நான் கண்ட இரும்புச் சட்டங்களோடு ஒப்பிட்டால், இந்தப் பீடம் பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கும் என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்தது உப்பு. "தூத்துக்குடி உப்பு ஒரு மூட்டை வாங்கிக் கொட்டினால் போதாதா?" என்று ஊரார் கேட்கிறார்கள், சம்பந்தியோ ஆனையிறவு உப்பின் கீர்த்தியை எடுத்துரைத்தார். இரண்டும் சமையலுக்குச் சிறந்தவை, மீனுக்கு ஆகா. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் படிகிறது. பிறகே நாம் உண்ணும் உப்பு விளைகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் எஞ்சிய கசப்பு நீரிலேயே நின்றுவிடுகின்றன. கடலில் கரைந்திருப்பவற்றில் உண்ணும் உப்பு முக்கால் பங்குக்குச் சற்று அதிகந்தான்; எஞ்சியவையும் உரிய விகிதத்தில் இருந்தால்தான் அது கடல். ஆகவே எல்லாச் சத்துகளும் சேர்ந்த செயற்கைக் கடலுப்பை, ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்தி செய்த நீரில், லிட்டருக்குச் சுமார் 37 கிராம் வீதம் நிறுத்துக் கரைக்கவேண்டும். நம் தொட்டிக்கு ஏறக்குறைய 40 கிலோ ஆகும். ஒரு நாள் முழுதும் கலக்கிவிட்டு, அதில் ஒரு துளியை, நீரின் அடர்த்தியைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடிமேல் இட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், உள்ளே மேலே நீலமும் கீழே வெண்மையும் ஒரு கோட்டில் பிரியும். அந்தக் கோடு 1.025 என்ற எண்ணில் வந்து நிற்கும் காலையில், கொல்லையில் காப்பிச் செடிகளின்மேல் மூடுபனி கிடக்க, கடலிலிருந்து ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரத்தில் ஒரு கடல் பிறந்துவிட்டது என்ற மகிழ்ச்சி உண்டாகிறதே, அதைக் கடற்கரைவாசிகள் அறியார்கள்.

மலை நமக்குச் செய்யும் சகாயமும் உண்டு, சோதனையும் உண்டு. கொழும்பில் மோட்டார்களின் சூடும் சேர்ந்து நீர் கொதிப்பேறுவதால் குளிர்விக்கும் இயந்திரம் வேண்டியிருக்கிறது. அதன் விலையும் மின்செலவும் அதிகம். ஏற்காட்டிலோ கோடையிலும் அது வேண்டியதில்லை. மார்கழி இரவுகளில் ஹீட்டர் இருந்தால் போதும். ஒன்று பழுதாகி ஓயாமல் சுட்டாலும் மீன் வேகாதபடி, பெரியது ஒன்றுக்குப் பதிலாகச் சிறியவை இரண்டாகவும், வெளியே தனிக் கட்டுப்பாட்டுக் கருவியோடும் வைப்பது புத்திசாலித்தனம். சோதனை எதுவெனில் காற்று. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஆறில் ஐந்து பங்கேயாதலால், நீரில் கரையும் பிராணவாயுவும் அவ்வளவுக்குக் குறைகிறது. அதை ஈடுசெய்ய நீரின் மேற்பரப்பை ஓயாமல் அலைக்கழிக்கவும், நுரையெழுப்பி அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரைச் சற்றுப் பெரியதாக வைக்கவும், மீன்களின் தொகையைக் குறைத்துக்கொள்ளவும் நாங்கள் கற்றிருக்கிறோம். இலங்கையின் மலையூரான நுவரெலியாவில் யாரேனும் இதை முயன்றால் எங்களிடம் வந்து கேட்கலாம், மனமுவந்து சொல்லுவோம்.

தொட்டிக்குள் இடும் கல்லின் விஷயத்தில் இரண்டு தேசங்களும் ஒரே கடலுக்குக் கடன்பட்டவை. மன்னார் வளைகுடாவின் ஒரு கரை நம்முடையது, மறுகரை அவர்களுடையது. நம் பக்கத்தில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 2001-இல் பவளங்களும் கடற்குதிரைகளும் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே நம் கடற்பவளத்தைத் தொட்டியில் வைப்பது குற்றம். சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டு வெள்ளைக்கல்லை இடலாமே என்பார் உண்டு. அது மாக்னசைட், பவளப்பாறை செய்யும் வேலையைச் செய்யாது. சிமெண்டாலும் சுட்ட மண்ணாலும் நுண்துளைகள் நிறைந்த கல் செய்து, உப்புநீரில் பல வாரம் ஊறவைத்து, நல்ல பாக்டீரியாக்கள் குடியேறும்வரை காத்திருக்கிறோம். மீன் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவன அவையே. அவை நிலைபெற நாலு முதல் ஆறு வாரமாகும். இலங்கையிலும் முருகைக்கல் அகழ்வதற்குத் தடை உண்டு; பாறைகளைச் சிதைக்கும் மொக்சி வலைக்கும் தடை உண்டு; உயிர்மீன் ஏற்றுமதிக்கு 1998-இல் விதிகள் செய்யப்பட்டன. சட்டத்தில் குறைவில்லை. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு சட்டத்தை நினைவில் வைத்திருப்பது, கடலே இல்லாதவன் நினைவில் வைத்திருப்பதைவிடக் கடினமான தவம்.

எங்கள் மலை எப்போதும் வெளியிலிருந்து வந்தவற்றை வாழவைத்த மலை. சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820-ஐ ஒட்டிக் கொண்டுவந்த காப்பி இன்றும் இங்கே காய்க்கிறது. பேரியும் ஆரஞ்சும் காய்க்கின்றன. தேசத்தின் பல காடுகளிலிருந்து வந்த ஆர்க்கிட் செடிகள் தாவர ஆய்வுத் துறையின் தோட்டத்தில் பூக்கின்றன. இலங்கையின் காப்பியோ 1869-இல் தோன்றிய இலைத்துரு நோயால் அழிந்து, தேயிலைக்கு இடம்கொடுத்துவிட்டது. இதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அந்தக் காப்பித் தோட்டங்களில் வியர்வை சிந்தியவர்களும் நம் மாவட்டங்களிலிருந்து சென்ற நம்மவர்களே. அந்நியமான ஓர் உயிரை அளந்து, கவனித்து, பொறுமையோடு பேணும் பழக்கம் இம்மலையாருக்குப் பரம்பரையானது என்பதைச் சுட்டவே சொன்னேன்.

என் தீர்ப்பு இதுவே: மீனைப் பிடிப்பதிலும் அனுப்புவதிலும் இலங்கையார் நமக்கு ஆசான்கள், வீட்டில் கடலை அமைப்பதில், அளந்து அமைக்கும் நம் வழியே சிறந்தது, கடலுக்கும் அதுவே நல்லது. தொட்டி வைக்க விரும்பும் அன்பர்கள், இக்கரையாராயினும் அக்கரையாராயினும், பவளம் வாங்காதீர்கள். பாறையிலிருந்து பிடித்த மீனை விட்டுப் பண்ணையில் பொரித்த கோமாளி மீனைக் கேட்டு வாங்குங்கள். ஆறு வாரம் வெறும் நீரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாவிட்டால், இந்த ஆசையையே விட்டுவிடுங்கள்.