பூமிப்பிராட்டி கேட்ட பேய்க்கதை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் முன்னிலையில், பாசுரம் பாடி அபிநயிக்கும் அரையர் நடத்தும் முத்துக்குறியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குல்லாய் நினைவிருக்கும். தலையில் நீண்ட குல்லாய், கையில் தாளம், ஆள் ஒருவர்தான். அவரே மகளாக ஏங்குவார், தாயாகப் பதறுவார், கட்டுவிச்சியாகி முத்துகளைப் பரப்பிக் குறியும் சொல்வார். வேஷம் மாறாது, குரல்தான் மாறும். பெண்ணுக்கு வந்த நோய் என்ன, யாரால் வந்தது என்பது கேள்வி. கூட்டத்தில் அத்தனை பேருக்கும் பதில் தெரியும். ஆனாலும் முத்தை உருட்டும்போது பேச்சு நின்றுவிடும்.

பழைய காலம், காதல், ஒரு மர்மம், மூன்றையும் தாங்கும் ஒற்றைக் குரல். யூடியூபிலும் ஒலிநூல் செயலிகளிலும் இன்று கேட்கக் கிடைக்கிற சரித்திர நாவலுக்கும் இதுதானே இலக்கணம்? 2022இல் மணிரத்னத்தின் படம் வந்த சமயம், ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்களையும் கண்ணால் படிக்கப் பொறுமையில்லாத பலர் காதில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும். ‘இதெல்லாம் வாசிப்பா?’ என்று அலுத்துக்கொள்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. என் கட்சி வேறு. சரித்திரமும் காதலும் அமானுஷ்யமும் கலந்த கதை இந்த மலையடிவாரத்துக்குக் காது வழியாகத்தான் வந்தது. அச்சுப் புத்தகம் நடுவில் வந்த விருந்தாளி.

இதற்கு ஆதாரம் தெலுங்கில் இருக்கிறது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் எழுதிய ‘ஆமுக்தமால்யத’வின் கதை தொடங்குவதே வில்லிபுத்தூர் வர்ணனையில்தான். கலிங்கப் படையெடுப்பின்போது ஆந்திர விஷ்ணு கனவில் வந்து, சூடிக்கொடுத்தவளின் கல்யாணத்தைத் தெலுங்கில் பாடச் சொன்னார் என்று ராயரே காரணம் சொல்கிறார். பெரியாழ்வார் பாண்டியன் சபையில் வாதாடுவது சரித்திரச் சாயல். அரங்கனை நினைத்து ஆண்டாள் மெலிவது காதல். ஆறாவது ஆசுவாசத்தில் (சருக்கத்தில்) வருகிறது அமானுஷ்யம். பக்தன் மாலதாசரி திருக்குறுங்குடி நம்பியைப் பாடி எழுப்ப விடியுமுன் கிளம்பி, இருட்டில் வழி தவறி, ஆலமரத்தடியில் பிரமராட்சசனிடம் மாட்டிக்கொள்கிறான். ‘பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், அப்புறம் தின்றுகொள்’ என்று சத்தியம் செய்துவிட்டுப் போகிறான். சொன்னபடி திரும்பியும் வருகிறான். ராட்சசனுக்கு இப்போது பசி போய்விட்டது. அன்று பாடிய பாட்டின் பலனைக் கொடு என்று காலில் விழுகிறான். பாட்டு அவனை விடுவிக்கிறது.

தமிழ் வைணவர்கள் இதே கதையை நம்பாடுவான் கதை என்பார்கள். கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசி இரவில் திருக்குறுங்குடியில் அது நாடகமாகவே நடக்கிறது. மரபுப்படி இது வராகப் பெருமாள் பூமிப்பிராட்டிக்குச் சொன்ன கதை. பாட்டுக்கு இத்தனை மகிமையா என்று கேட்டவள், தானும் பாட வேண்டும் என்றே வில்லிபுத்தூர்த் துளசி வனத்தில் ஆண்டாளாக அவதரித்தாள். யோசித்துப் பார்த்தால் சிலிர்க்கிறது. இந்த ஊரின் தலையாய காதல் கதைக்குப் பின்னால் காதால் கேட்ட ஒரு பேய்க்கதை இருக்கிறது. ஐரோப்பியர்கள் ‘காதிக்’ (Gothic) எனும் திகில் நாவலின் பிறப்பை 1764இல் வந்த ஹொரேஸ் வால்போலின் ‘ஒட்ராண்டோ கோட்டை’யிலிருந்து கணக்கிடுவார்கள். ராயர் எழுதியது அதற்கு 200 ஆண்டுகளுக்கும் முன்னால்.

அந்தக் காவியத்தைத் தமிழாக்கியவர் பக்கத்து ஊரான ராஜபாளையத்தின் மு.கு. ஜகந்நாத ராஜா. வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ் என்று வளர்ந்த ராஜபாளையத்து ராஜுக்களில் ஒருவர். 1989இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு இதற்காகவே அவருக்குக் கிடைத்தது. ராஜபாளையம் என்றால் நாயும் நூற்பாலையும் என்று மட்டும் நினைப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ராஜசபைக் கதை அப்படி. குடிசைக் கதை வேறு வழியில் வந்தது. வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காள் கோயில் இருக்கிறது, அந்தக் கிணற்றையும் காட்டுவார்கள். மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள், பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வருகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்திக்கொள்கிறாள். பிறகு நடப்பதைப் பெரிய எழுத்துப் புத்தகத்தில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, சுற்றியிருக்கும் பெண்கள் மூக்கைச் சிந்தியபடி கேட்பார்கள். ஒவ்வொரு பிள்ளையாகக் கிணற்றில் விழ விழ, படிக்கிறவருக்கே குரல் உடையும். இதில் காதல் இல்லைதான். ஆனால் சாத்திய கதவு, பசி, இருண்ட கிணறு, சாகாத பழி எல்லாம் இருக்கின்றன. கோட்டையும் நிலவறையும் இல்லாமல் திகிலைக் கட்டுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

நாவல் வந்ததும் பேய்க்கு விளக்கம் கேட்கும் பழக்கமும் வந்தது. தமிழின் முதல் சரித்திர நாவலாகச் சொல்லப்படும் ‘மோகனாங்கி’யைத் திருகோணமலை த. சரவணமுத்துப் பிள்ளை 1895இல் வெளியிட்டார். சொக்கநாத நாயக்கரின் காதல் கதை அது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு கல்கி இந்த வகையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வாராவாரம் வந்தது. சுந்தர சோழரின் கட்டிலருகே நள்ளிரவில் ஓர் உருவம் வந்து நிற்கும். ஆவி என்று நாம் நடுங்குவோம். அது நந்தினி போட்ட வேஷம் என்று பின்னால் தெரியவரும். ஆங்கிலத்தில் ‘உடால்ஃபோவின் மர்மங்கள்’ (1794) எழுதிய ஆன் ராட்கிளிஃப் செய்ததும் இதைத்தான். நன்றாகப் பயமுறுத்திவிட்டுக் கடைசியில் காரணத்தைச் சொல்லிவிடுவார். பிரமராட்சசனை ராயர் அப்படி வேஷம் என்று கலைத்துவிடவில்லை. அவன் நிஜ ராட்சசன்தான்.

கல்கி காதுக்கு எழுதியவர் என்பதை ஒலிநூலில் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். ஆந்தைக் குரலே சமிக்ஞையாக வரும் திருப்புறம்பியம் பள்ளிப்படையையும், செத்த மிருகங்கள் பாடம் செய்து நிறுத்தப்பட்ட கடம்பூர் வேட்டை மண்டபத்தையும் கண்ணால் படிக்கும்போது வேகமாகத் தாண்டிவிடுகிறோம். காதால் தாண்ட முடியாது. ஆதித்த கரிகாலன் சாகும் இடத்தில் விளக்கு அணைந்துவிடும். வாசகனுக்கு மிஞ்சுவது சத்தம் மட்டும். யார் குத்தினார்கள் என்பதைக் கல்கி கடைசிவரை பட்டென்று சொல்லவில்லை. அந்த அத்தியாயத்தை இருட்டில் கேட்பவர்தான் அதைச் சரியாகக் கேட்கிறார். சாண்டில்யன் இதற்கு நேர்மாறு. குமுதத்தில் ‘கடல் புறா’வுக்காகக் காத்துக்கிடந்த தலைமுறை கோபித்தாலும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய வர்ணனை வாக்கியங்கள் வினைமுற்றுக்கு வந்து சேர்வதற்குள் வாசிக்கிறவருக்கு மூச்சு வாங்குகிறது, கேட்கிறவருக்கு எழுவாய் மறந்துபோகிறது.

நம் பக்கத்து ஆளை விட்டுவிடக் கூடாது. 1932இல் நதிக்குடியில் பிறந்த நா. பார்த்தசாரதியைக் ‘குறிஞ்சி மலர்’ அரவிந்தனுக்காகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் கணக்கில், சரித்திரக் காதலும் திகிலும் சரிவிகிதத்தில் கூடியது அவருடைய ‘மணிபல்லவ’த்தில்தான். பூம்புகாரின் சுடுகாட்டுக் கோட்டமான சக்கரவாளம், காபாலிகர்கள், தன் பிறப்பின் ரகசியம் தெரியாமல் திரியும் இளங்குமரன், அவனை நினைத்து உருகும் செல்வமகள் சுரமஞ்சரி, அவளுடைய மாளிகைக்கு அடியில் நிலவறை, ஒற்றைக் கண் நகைவேழம்பர், ஊன்றுகோலோடு நடக்கும் பெருநிதிச் செல்வர். அந்த ஊன்றுகோல் காதுக்கென்றே செய்த பாத்திரம். நடுநடுவே ஆசிரியர் அறிவுரைக்கு இறங்கிவிடுவது குறைதான். கல்கியின் எழுத்தும் நா.பா.வின் எழுத்தும் நாட்டுடைமை ஆகிவிட்டதால், குரலும் பொறுமையும் உள்ள யாரும் வாசித்துப் பதிவிடலாம். தமிழில் ஒலிநூல் இத்தனை பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அச்சுக்கும் ஒலிநூலுக்கும் நடுவில் வானொலி இருந்தது. 1963இல் தொடங்கிய திருநெல்வேலி நிலையத்தின் நாடகங்களை இந்தப் பக்கத்து வீடுகள் கேட்டன. 90களில் இந்திரா சௌந்தர்ராஜனின் ‘மர்மதேசம்’ தொலைக்காட்சிக்கு வந்து, கருப்பசாமியின் குதிரைக் குளம்பொலியாலேயே ஒரு தலைமுறையைப் போர்வைக்குள் தள்ளியது. மதுரையில் வாழ்ந்த அவர் 2024இல் மறைந்தார்.

என் பெரியம்மாவிடம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த புத்தகங்கள் இருந்தன. அத்தியாயம் முடிந்து பக்கத்தைப் புரட்டினால் பாதிச் சிறுகதையோ தலைவலி மாத்திரை விளம்பரமோ வரும். சாப்பாட்டுக் கடை முடிந்தபின் அவர் சத்தமாக வாசிப்பார். பயமான இடம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், தணிப்பார். நாங்கள் இன்னும் நெருங்கி உட்காருவோம். இன்றைய ஒலிநூல்களில் பல இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன. பேய் வருவதற்கு முன்பே வயலின் வந்துவிடுகிறது, நந்தினி பேசினால் புல்லாங்குழல், கதவு திறந்தால் இடி. முத்துக்குறியில் அரையருக்கு ஒரு ஜோடித் தாளம் போதுமாக இருக்கிறது.

இன்னொரு குறை ஒலிநூலுடையது அல்ல, நம்முடையது. மாலதாசரியின் பாட்டு ராட்சசனுக்கும் போய்ச் சேர்ந்தது. நல்லதங்காளுக்கு ஒரு தெருவே அழுதது. நாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகப் பயப்படுகிறோம், பக்கத்து சீட்டில் இருப்பவருக்குக்கூட நாம் எந்த நிலவறைக்குள் இருக்கிறோம் என்று தெரியாது. ஒருநாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வையுங்கள். கடம்பூர் மாளிகையில் விளக்கு அணையும் அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம். கூடத்து விளக்கையும் அணைத்துவிடுங்கள்.