அவிழாத நெசவு

இத்தாலியின் பலெர்மோ நகரில், கப்புச்சின் மடத்து நிலவறையில் ரோசாலியா லொம்பார்டோ படுத்திருக்கிறாள். இரண்டு வயது நிரம்பும் முன்பே, 1920 டிசம்பரில் இறந்த குழந்தை. நெற்றியில் புரளும் முடிச்சுருள், தலையில் பட்டு ரிப்பன், பாதி மூடிய இமைகள்.

நம் உடல் நால்வகைத் திசுக்களின் நெசவு: போர்த்தும் எபிதீலியம், தாங்கும் இணைப்புத்திசு, அசைக்கும் தசை, உணர்த்தும் நரம்பு. உயிர் போனதும் அவிழத் தொடங்கும் அந்த நெசவை, ரோசாலியாவின் உடலில், சடலங்களைப் பதப்படுத்தும் நிபுணர் ஆல்ஃபிரெடோ சலாஃபியா ஊசிவழி ஏற்றிய கலவையால் காத்தார். ஃபார்மலின் புரதங்களைப் பிணைத்தது. துத்தநாக உப்பு விறைப்பைத் தந்தது. ஆல்கஹால் ஈரத்தை வாங்கியது. கிளிசரின் அளவுக்கு மீறி உலராமல் பார்த்துக்கொண்டது. சாலிசிலிக் அமிலம் பூஞ்சையைத் தடுத்தது.

நூறாண்டு கடந்தும் அந்தக் கன்னத்தில் குழந்தைமை மிச்சமிருக்கிறது. என்னவொரு கைப்பக்குவம்! என்னவொரு பரிவு!