கையெழுத்தில்லாத பிரதி

'ட்ரெய்லர்' என்றால் பின்னால் இழுபட்டு வருவது. ஆரம்ப நாட்களில் படம் முடிந்த பிறகு அடுத்த படத்துக்கான துண்டு ஓடியதால் வந்த பெயர். நாம் அதை 'முன்னோட்டம்' ஆக்கிக்கொண்டோம். நம் சொல்தான் இன்றைய நடைமுறைக்குச் சரி. படத்தை நாம் பார்க்கும் முன்பே யாரோ ஒருவர் அதைப் படித்து, வெட்டி, நமக்கான வாசிப்பை முடித்துவைத்துவிடுகிறார். அந்த யாரோ யார்? படத்தில் டீ கொடுத்தவர் பெயர்கூட வரலாம், ட்ரெய்லரில் அதைச் செய்தவர் பெயர் வராது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரொலான் பார்த் 1960களின் கடைசியில் எழுதினார். இந்தத் தொழிலில் அவன் பிறக்கவே இல்லை, கூலி மட்டும் வாங்கிக்கொண்டிருந்தான்.

பெயர் தெரியவந்த சிலரில் ஒருவர் பாப்லோ ஃபெரோ (1935–2018). கியூபாவில் பிறந்து, நியூயார்க்கில் தொலைக்காட்சி விளம்பரங்களில் கைபழகியவர். 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964) ட்ரெய்லரை ஸ்டான்லி குப்ரிக் இவரிடம்தான் கொடுத்தார். அந்தப் படத்தின் டைட்டில் எழுத்துகளும் இவர் கையால் வரைந்தவை, ஒல்லியும் நெட்டையுமாய்த் திரையை நிறைப்பவை. (அதில் ஒரு எழுத்துப்பிழை அப்படியே தங்கிப்போச்சு.)

எனக்கு முக்கியமாய்ப் படுவது 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' (1971) ட்ரெய்லர். ஏறக்குறைய ஒரு நிமிடம். ரோஸினியின் 'வில்லியம் டெல்' இசை மின்னணு வடிவில் தலைதெறிக்க ஓடுகிறது. காட்சித் துணுக்குகளுக்கு நடுவே ஒற்றைச் சொற்கள் பளிச்சிடுகின்றன: வேடிக்கை, அரசியல், பயங்கரம், பீத்தோவன். வழக்கமாய் சினிமா விளம்பரத்தில் இப்படிப்பட்ட பெயரடைகள் விமர்சகர் வாயிலிருந்து பிடுங்கப்பட்டு, மேற்கோள் குறிகளுக்குள் சான்றிதழாய் மாட்டப்படுபவை. ஃபெரோ அவற்றை உடைமையாளர் இல்லாமல் வீசுகிறார். ஒன்றை உள்வாங்குமுன் அடுத்தது வந்து அதை மறுத்துவிடுகிறது. 'இது இன்ன படம்' என்ற தீர்ப்பு பார்ப்பவன் கைக்கு வருவதில்லை. வாசிப்பு அவனிடமே விடப்படுகிறது. அதுவும் டிக்கெட் வாங்க வைக்கத்தான், மறைக்க வேண்டாம். அர்த்தத்தை ஒத்திப்போடுவது நல்ல வியாபாரம் என்பதை நம் பின்நவீனத்துவ நண்பர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த 'ஒத்திப்போடல்' இல்லாமல் போனால் என்னவாகும்? ஆண்ட்ரூ கியூனைப் பார்க்கலாம். 1968இல் 'கலைடாஸ்கோப் பிலிம்ஸ்' தொடங்கி, ஹாலிவுட்டில் ட்ரெய்லரைத் தனித் தொழிலாக்கியவர்களில் முக்கியமானவர். அவரே 1984இல் 'டெரர் இன் தி ஐல்ஸ்' என்று ஒரு முழுநீளப் படம் எடுத்தார். பழைய திகில் படங்களின் உச்சக் காட்சிகளை வெட்டி ஒட்டியது. டொனால்ட் ப்ளெசன்ஸும் நான்சி ஆலனும் நடுநடுவே வந்து விளக்குவார்கள். கொஞ்ச நேரம் பயமாத்தான் இருக்கு. அப்புறம் கதவு திறக்குது, கத்தி வருது, அலறுறாங்க, நமக்கு ஒண்ணும் ஆகிறதில்லை. ட்ரெய்லரின் பயம், 'மீதி இருக்கிறது' என்ற வாக்குறுதியால் ஆனது. இங்கே மீதி கிடையாது, எல்லாமே காட்டப்பட்டாயிற்று. ட்ரெய்லர்களில் இல்லாத கியூனின் பெயர் இந்தப் படத்தில் இயக்குநராய் வருகிறது. அதில் ஓடுபவை பெரும்பாலும் மற்றவர்கள் எடுத்த காட்சிகள்.