விருந்தினர் கண்ட நியூயோர்க்: கோர்க்கி, மயாகோவ்ஸ்கி, லோர்கா – ஓர் ஒப்புநோக்கு

அயல்நாட்டு மாநகரொன்றுக்குச் சென்று சிலகாலம் தங்கி மீள்பவரின் எழுத்தை இரண்டு இடர்கள் சூழ்ந்துள்ளன. கண்டவற்றையெல்லாம் வியப்பது ஒன்று. புறப்படும்போதே மனத்திற் கொண்ட தீர்ப்பைக் கண்டவற்றின்மீது ஏற்றுவது மற்றொன்று. பயண நூல்களிற் பெரும்பாலானவை முதலாவது இடருக்கு உட்பட்டு, கட்டடங்களின் உயரத்தையும் பண்டங்களின் விலையையும் அடுக்கிக் கூறுவதோடு அமைந்துவிடுகின்றன. இரண்டாவது இடர் ஆற்றல் மிக்க எழுத்தாளரையே பெரிதும் பற்றுவது. ஆதலால் அது திறனாய்வாளரின் கவனத்தைக் கூடுதலாக வேண்டி நிற்கின்றது.

இதனை ஆராய்வதற்கு நியூயோர்க் பற்றிய மூன்று படைப்புகள் துணைபுரிகின்றன. 1906 ஏப்ரலில் மாக்ஸிம் கோர்க்கியும், 1925 யூலை இறுதியில் விளாதிமிர் மயாகோவ்ஸ்கியும், 1929 யூனில் ஸ்பானியக் கவிஞர் ஃபெதெரிக்கோ கார்ஸியா லோர்காவும் அந்நகரை அடைந்தனர். முதலாமவர் ‘மஞ்சட் பிசாசின் நகரம்’ என்ற கட்டுரையையும், இரண்டாமவர் 1926இல் வெளிவந்த அமெரிக்கப் பயண நூலையும் ‘புரூக்ளின் பாலம்’ என்ற கவிதையையும், மூன்றாமவர் தம் மறைவின் பின்னர் 1940இல் வெளிவந்த ‘நியூயோர்க்கில் ஒரு கவிஞன்’ என்ற தொகுதியையும் எழுதினர். அந்நகரின் பேச்சு மொழியாகிய ஆங்கிலம் மூவருக்கும் கைவரவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. அவர்கள் நகரைக் கண்டார்கள். அதன் மக்கள் பேசியதை நேராகக் கேட்டார்கள் என்று கூறுவதற்கில்லை.

அவர்கள் சென்ற காலத்து நியூயோர்க், துறைமுகத்திலேயே மனிதரைப் பணத்தின் அளவுகொண்டு பிரித்த நகராகும். 1892இல் எலிஸ் தீவில் குடிவரவு நிலையம் திறக்கப்பட்டது. முதலாம், இரண்டாம் வகுப்புப் பயணிகள் பெரும்பாலும் கப்பலிலேயே சோதிக்கப்பட்டு நேரே கரையிறங்க, கப்பலின் அடித்தளத்தில் வந்த ஏழைகள் மட்டுமே அத்தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். காணவந்தவருக்கும் பிழைக்கவந்தவருக்கும் இடையே நகரின் வாயிலிலேயே எல்லை வகுக்கப்பட்டிருந்தது. அவ்வெல்லையை எழுத்தாளர் எந்த அளவுக்குக் கடந்தார் என்பதே அவரது படைப்பை மதிப்பிடும் அளவுகோலாக அமையத்தக்கது.

கோர்க்கி ருஷ்யப் புரட்சிக்கு நிதி திரட்டும் நோக்குடன் வந்தவர். தொடக்கத்தில் பெருவரவேற்பு இருந்தது. மார்க் ட்வெய்ன் முதலான எழுத்தாளரும் ஆதரவளித்தனர். உடன் வந்த நடிகை மரியா அந்திரேயெவா அவருடைய சட்டபூர்வமான மனைவியல்லர் என்ற செய்தியைப் பத்திரிகைகள் வெளியிட்டதும் விடுதிகள் கதவடைத்தன, ஆதரவாளர் விலகினர். அவரது கட்டுரையின் சீற்றத்துக்கு இவ்வவமதிப்பே காரணம் என்று கொள்வது எளிது. ஆயினும் பொன்னே மனிதரை ஆட்டிப்படைக்கும் பிசாசு என்னும் கருத்து ஒரு விடுதியின் கதவடைப்பினாற் பிறக்கக்கூடியதன்று. முதலாளித்துவம் பற்றி அவர் முன்னரே கொண்டிருந்த முடிவுக்கு நகர் உருவம் அளித்தது என்பதே பொருத்தமாகும். நகர் அவருக்குப் பெருந்தாடையாகவும், மக்கள் அதில் அரைபடும் இரையாகவும் தோன்றுகின்றனர். உருவகம் வலியது. ஆனால் அதன் வலிமையே கட்டுரையின் குறைபாடும் ஆகின்றது. இரைக்கு முகமில்லை, விருப்பு வெறுப்புமில்லை. அவ்வாண்டுகளிலேயே ஆலைகளிற் சங்கம் அமைத்தும் வேலைநிறுத்தம் செய்தும் போராடிய குடியேற்றத் தொழிலாளர் இவ்வுருவகத்தில் இடம்பெற வழியில்லை. கிழக்குப் பகுதிச் சேரியிற் குப்பைத்தொட்டிகளைக் கிளறி உணவு தேடும் சிறுவரை அவர் காட்டும் பகுதி மட்டும் வேறு தரத்தது. அங்கே உருவகம் பின்வாங்க, வறுமையைத் தம் இளமையிலேயே அறிந்த கோர்க்கி வெளிப்படுகின்றார். அமெரிக்காவிலிருந்தபோதே ‘தாய்’ நாவலின் பெரும்பகுதியை எழுதியவரும் இவரே. தொழிலாளரை வரலாற்றின் இயக்குநராக அந்நாவலிற் கண்டவர், நியூயோர்க் தெருக்களில் அவர்களை இரையாக மட்டுமே கண்டமை விருந்தினர் நிலையின் வரையறையை நன்கு உணர்த்துகின்றது.

மயாகோவ்ஸ்கியின் பார்வை முரண்பாட்டை ஏற்கும் பார்வையாகும். இயந்திர நாகரிகத்தைப் போற்றியவராதலின் நகரின் பொறியியல் அவரை மயக்குகின்றது. அதன் சமூக அமைப்பு அவரை வெறுப்பூட்டுகின்றது. இரண்டையும் அவர் மறைக்கவில்லை. பயண நூலில், காலையில் வேலைக்குச் செல்வோரை நேர ஒழுங்கின்படி விவரிக்கும் பகுதி குறிப்பிடத்தக்கது. மிகக் கடிய வேலைகளைச் செய்யும் கறுப்பின மக்கள் முதலிலும், வெள்ளைத் தொழிலாளர் அடுத்தும், அலுவலகத்தார் அதன் பின்னரும் தெருவிற் தோன்றுகின்றனர். கடிகாரத்தையே வர்க்க அமைப்பின் சான்றாக்கும் இவ்வுத்தி, எத்தனையோ கண்டன வசனங்களினும் ஆழமானது.

‘புரூக்ளின் பாலம்’ கவிதையில் இம்முரண்பாடு உச்சம் பெறுகின்றது. எதிர்காலப் புவியியல் அறிஞரொருவர் எஞ்சிய பாலத்தைக் கொண்டே ஒரு காலத்தை மீளமைப்பதாகக் கவிஞர் கற்பனை செய்கின்றார். வேலையற்றோர் அப்பாலத்திலிருந்து ஹட்சன் ஆற்றிற் குதித்தனர் என்றும் கூறுகின்றார். 1883இல் திறக்கப்பட்ட அப்பாலம் கடப்பது ஹட்சனையன்று, கிழக்காற்றையே. பலரும் சுட்டிய இவ்வழுவைக் கொண்டு கவிதையைத் தள்ளுதல் பொருந்தாது. வேலையின்மையின் துயர் ஆற்றின் பெயரைப் பொறுத்ததன்று. இதனினும் கருதத்தக்கது வேறொன்று. பாலத்தைக் கட்டியபோது 20க்கு மேற்பட்ட தொழிலாளர் இறந்தனர். நீரடிப் பெட்டகங்களில் அழுத்தப்பட்ட காற்றிடையே பணியாற்றியோர் பலர் நோயுற்றனர். தலைமைப் பொறியியலாளர் வொஷிங்டன் ரோப்ளிங்கும் அந்நோயால் முடங்கினார். எஃகின் பெருமையைப் பாடும் கவிதையில் அந்த எஃகுக்குக் கொடுக்கப்பட்ட உயிர்விலை இடம்பெறவில்லை. முடிந்த பாலத்தைப் பார்ப்பவரின் கண்ணுக்கு அது புலப்படாதது இயல்பே.

லோர்கா கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பெயரளவில் மாணவராய் இருந்து, 1929 ஒக்டோபரில் பங்குச் சந்தை வீழ்ந்ததையும் கண்டு, 1930 மார்ச்சிற் கியூபாவுக்குச் சென்றார். ‘அலுவலகமும் கண்டனமும்’ என்ற கவிதையில், நகரின் உணவுக்காக நாள்தோறும் கொல்லப்படும் உயிர்களை அவர் எண்ணிக்கையிட்டுக் காட்டுகின்றார். கணக்கேடுகளின் அடியில் மறைந்துள்ள குருதியை வெளிப்படுத்தும் இப்பார்வை விருந்தினருக்கே வாய்ப்பது. அங்கேயே வாழ்பவருக்குப் பால் வந்து சேர்வதும் இறைச்சி வந்து சேர்வதும் பழகிப்போன செய்திகள். அவற்றின் பின்னுள்ள கொடுமையைக் காண்பதற்குப் பழகாத கண் வேண்டும். இவ்வகையில் விருந்தினரின் அறியாமையே சில வேளைகளில் அவரது வலிமையும் ஆகின்றது.

ஹார்லெமைப் பாடும்போது அவ்வலிமை தளர்கின்றது. கறுப்பின நாவலாசிரியை நெல்லா லார்சனின் நட்பு லோர்காவுக்கு அப்பகுதியை அறிமுகம் செய்தது. கவிதையிலோ வாயிற்காவலரின் உடைக்குட் சிறைப்பட்ட அரசனே நிற்கின்றான். ஓர் இனத்தின் இழிவுபடுத்தப்பட்ட பெருமையைக் காட்டும் படிமம் என்ற வகையில் இது சிறந்தது. ஆயினும் அரசனுக்கும் ஆதிமனிதனுக்கும் இடையே, வாயிற்காவல் வேலை செய்து சம்பளம் பெறும் சாதாரண மனிதன் மறைந்துபோகின்றான். படிமம் அவனை உயர்த்துகின்றது. அவன் பேச இடந்தரவில்லை.

அம்மனிதனின் குரல் லாங்ஸ்டன் ஹியூஸின் கவிதைகளில் ஒலிக்கின்றது. லோர்கா தங்கிய அதே பல்கலைக்கழகத்துக்கு 1921இல் வந்து, ஓராண்டளவில் நீங்கியவர் அவர். நியூயோர்க்கிற் பிறந்தவரல்லர், மிசூரி மாநிலத்திற் பிறந்து அந்நகருக்கு வந்து, பிற்காலத்தில் ஹார்லெமையே நிலையான இருப்பிடமாக்கி, 1967இல் நியூயோர்க்கிலேயே காலமானவர். 1940இல் வெளிவந்த அவரது வீட்டுச் சொந்தக்காரன் பற்றிய கதைப்பாடலில் மாநகரின் பெயர்கூட வருவதில்லை. ஒழுகும் கூரையைத் திருத்தாத உரிமையாளனுக்கு 10 டொலர் வாடகை கொடுக்க மறுக்கும் குடியிருப்பாளன், வாய்த்தர்க்கத்தின் முடிவில் 90 நாட் சிறைத்தண்டனை பெறுகின்றான். அவனது பேச்சும், உரிமையாளனின் கூக்குரலும், பத்திரிகைத் தலைப்பும் மாறிமாறி வருகின்றன. தாடையும் இல்லை, அரசனும் இல்லை. நகர வாழ்வின் விலை எவ்வளவு, அதனைச் செலுத்துவோர் யார் என்பன ஐயத்துக்கிடமின்றி விளங்குகின்றன.

இவ்வேறுபாட்டைத் திறமையின் ஏற்றத்தாழ்வாகக் கொள்ளலாகாது. விடுதிக் கட்டணம் செலுத்துபவருக்கு நகரின் விலை ஒரு தொகை. தாளாதபோது அவர் புறப்பட்டுவிடலாம். வீட்டு வாடகை செலுத்துபவருக்கு அதுவே வாழ்க்கை. முன்னவர் நகரை முழுமையாக நோக்கக்கூடியவர். பின்னவர் அதன் ஓர் அறையிலிருந்து பேசுபவர். கோர்க்கியின் சேரிச் சிறுவரும், மயாகோவ்ஸ்கியின் காலைத் தெருவும், லோர்காவின் கொலைக்கணக்கும் நிலைத்து நிற்கின்றன. அவ்விடங்களில் அவர்கள் தம் முன்முடிவை ஒருகணம் மறந்து, பிறர் செலுத்தும் விலையைக் கண்டார்கள். ஏனைய இடங்களில் நகரின் பருமன் அவர்களது சொல்லையும் பருக்கச் செய்தது. வியப்பானாலும் வெறுப்பானாலும், கட்டடத்தின் உயரத்துக்கு ஈடாக எழும் சொல் அதன் நிலவறையில் வாழ்பவரை மறைத்துவிடும் என்பதற்கு இம்மூவரின் எழுத்துகளும் சான்றாகின்றன.